குண்டு செய்த பெண்களை வரைந்தேன்

படம் வரைகிற தொழிலில் ஒரு சௌகரியம், போகிறவர் வருகிறவர் எல்லோரும் இலவசமாகத் தொழில் சொல்லிக்கொடுப்பார்கள். தூரிகை பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளுக்கு இது நன்றாகவே தெரியும். அறுபதுகளின் கடைசியில் என் கணவர் சுந்தரத்துக்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலை கிடைத்தது. மெட்ராஸில் ஓவியம் படித்த நானும் கூடவே போனேன். பீலெஃபெல்டில் எங்கள் கீழ்வீட்டு ஹில்டே, போர்க்காலத்தில் தொழிற்சாலையில் பீரங்கிக் குண்டு செய்தவர். காபி குடித்தபடி அவர் சொன்னதையெல்லாம் வரைய ஆரம்பித்தேன். பிடித்தது சனி.

கடைக்காரரின் கவலை

முதல் படத்துக்குச் சட்டம் போடக் கொண்டுபோனேன். இரண்டு பெண்கள், ஒரு லேத் மெஷின், பக்கத்தில் அடுக்கிய குண்டுகள். கடைக்காரர் படத்தைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று திருப்பியும் பார்த்தார். பிறகு மிகுந்த அனுதாபத்துடன் கேட்டார்: "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா உங்க ஊர் யானை எங்கே?"

முத்துமாலை

போர் முடிந்ததும், குண்டு விழுந்து இடிந்த தெருக்களில் செங்கல் அள்ளிய பெண்களை அடுத்துத் தொடங்கினேன். அப்படி அள்ளிய எர்னா, ஹில்டேயின் சிநேகிதி, மாடலாக உட்கார வந்தார். தலையை அலங்காரம் செய்துகொண்டு, கழுத்தில் முத்துமாலையோடு! செங்கல் சுமக்கும்போது யாராவது முத்துமாலை போடுவார்களா என்று மெதுவாகக் கேட்டேன். எர்னா கொஞ்சமும் அசரவில்லை.

"அன்னிக்கு என்னை வரைய யாரும் வரலையே. வர்றாங்கன்னு தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போட்டிருப்பேன்."

ஓர் எளிய திருத்தம்

'எங்கள் ஊர்ப் பெண்கள்' என்று நகர மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். பொறுப்பாளர் மிக மரியாதையான மனிதர். குண்டு செய்யும் இரண்டு பெண்களைப் பெரிதாக வரைந்த என் படத்தை எடுத்துக்கொள்வதில் அவருக்கு ஒரே ஒரு சங்கடம்தான். குண்டு இருக்கும் இடத்தில் பால் கேன் வரைந்துவிட முடியுமா என்று கேட்டார். வடிவம் கிட்டத்தட்ட ஒன்றுதானாம், பெயிண்ட் கூட அதிகம் செலவாகாதாம்.

வீட்டுக்கு வந்து கொதித்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த சுந்தரம் தலையைக்கூடத் தூக்கவில்லை. "மாத்திடு. அந்தப் பாலை எந்தெந்த நாட்டுத் தலையிலே போட்டாங்கன்னு மட்டும் கீழே எழுதிடு."

மூன்றாவது பெண்

நான் மாற்றவில்லை. அதற்குள் ஹில்டே வந்து பார்த்துவிட்டு, "ஒருத்தி குறையறா" என்றார். அவருடைய மெஷினுக்கு அடுத்து ஓர் உக்ரைன் பெண் நின்றாளாம். வேலைக்கென்று பலவந்தமாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவள், அதைக் காட்ட நெஞ்சில் அடையாளத் துணி தைத்திருக்கும். அவளோடு பேசக்கூடாது என்று உத்தரவு. அதைச் சொல்லும்போது ஹில்டே காபியைத் தொடவே இல்லை. நான் அந்தப் பெண்ணையும் வரைந்தேன்.

பொறுப்பாளர் இப்போது குண்டை மறந்துவிட்டார். இந்த மூன்றாவது பெண் நம்ம ஊர்க்காரி இல்லையே, தலைப்புக்குப் பொருந்தாதே என்று இழுத்தார். பக்கத்தில் நின்ற ஹில்டேக்கு முகம் சிவந்துவிட்டது. "அவ தானாவா வந்தா? இந்த ஊர்தானே கூட்டிக்கிட்டு வந்தது? அப்ப இந்த ஊர்க்காரிதான்!"

நல்ல இடம்

படம் தேர்வாகிவிட்டது. ஆனால் மாட்டியிருந்தது கழிப்பறைக்குப் போகும் நடையில்! திறப்பு விழா அன்று அதைக் கண்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்போதே கழற்றிக்கொண்டு போகிறேன் என்று கையை வைத்தேன். ஹில்டே என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. மண்டபத்துப் படத்தை வேணும்கிறவன்தான் பார்ப்பான். இந்த வழியா எல்லாரும் வந்துதானே ஆகணும்?"

மேஸ்திரியின் சாட்சியம்

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹெர்பர்ட், அதே தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்றவர். படத்தின் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி முழங்கினார்: எங்கள் தொழிற்சாலையில் பெண்கள் மெஷினைத் தொட்டதே கிடையாது, இது கலப்படமில்லாத கற்பனை. கூட்டம் தலையாட்டியது. எனக்கு ஜெர்மன் அத்தனையும் மறந்துபோயிற்று. அவர் மனைவி கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"நீங்க அப்ப ரஷ்யாவிலே சண்டையிலே இருந்தீங்க, ஹெர்பர்ட். உங்க மெஷின்லே நான்தான் நின்னேன்."

ஆக, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ரகசியத்தை வெளியிட்டுத்தான் நான் ஓவியர் என்று பெயர் வாங்கினேன்.