தொட்டால் சுடும் வால்

சுரைனிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது மலேசியாவின் பத்து பஹாட் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளி வேன் ஓட்டுகிறாள். முன்னால் போகிற லாரிக்காரன் கொஞ்சம் தயங்கினால் போதும், ஹாரன் அலறும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவள் புருஷன் வேறொருத்தியோடு ஜொகூர் பாருவுக்குப் போனபோது மெத்தை முதல் சம்பல் இடிக்கும் கல் வரை ஏற்றிக்கொண்டு போனான். லாரியில் இடம் போதாமல் விட்டுப்போனது ரேடியோவால் இயக்குகிற ஒரு குட்டி ஹெலிகாப்டரை மட்டும்தான். மிதித்து நொறுக்கத்தான் அவள் அந்தப் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் மிதிக்கவில்லை. இன்றைக்கு அதைத் தலைகீழாகக்கூடப் பறக்கவிடுகிறாள்.

செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஞாயிறு காலை கூடுகிற ஹெலிகாப்டர் கிளப்பில் அவள் ஒருத்திதான் பெண். அதைத் தலைவர் ஹாஜி ஜுனைதி அவளை ஒருநாளும் மறக்கவிட்டதில்லை. ஹாஜி நாற்காலிக் கடை வைத்திருக்கிறார். கிளப்பிலேயே உசத்தியான சர்வோக்கள் அவர் ஹெலிகாப்டர் மெஷினில்தான். சர்வோ என்றால் தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார். ரேடியோ சொன்னபடி ஒரு சின்னக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டும். மேலே பெரிய இறக்கையைச் சாய்க்கிற மூன்றுக்கும் பலம் வேண்டும். வாலில் இருக்கிற ஒன்றுக்கு வேகம் வேண்டும். சுரைனி தன் சம்பளத்துக்குத் தகுந்த மாதிரி, ஆனால் நாலு பேரிடம் கேட்டு, யோசித்துத்தான் தன் வால் சர்வோவை வாங்கியிருந்தாள்.

ஒரு ஞாயிறு ஹாஜி அவள் மேசைப் பக்கம் வந்தார். "வாலு ஆடுதே தங்கச்சி. இங்க குடு" என்றார். அவள் கொடுப்பதற்கு முன்பே மெஷின் அவர் கையில் இருந்தது. வாலை நேராகப் பிடித்து நிறுத்துகிற ஜைரோவில் கம்பியைச் சொருகி, தன் மடிக்கணினியிலிருந்து தன் செட்டிங்கை அப்படியே ஏற்றினார்.

"இனிமே பாரு, கத்தி மாதிரி நிக்கும். இந்தத் திடல்ல பாதி மெஷின் என் செட்டிங்லதான் பறக்குது."

வால் நிஜமாகவே கத்தி மாதிரி நின்றது. "ரொம்ப தேங்க்ஸ் ஹாஜி" என்று அவளும் சொல்லித் தொலைத்தாள். ஒன்று மட்டும் உறுத்தியது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த வால் சர்வோ இப்போது கொசு மாதிரி கீச்சிட்டது. கேட்டதற்கு ஹாஜி சிரித்தார். "டிஜிட்டல் சர்வோன்னா பாடத்தான் செய்யும். உன் ஹாரன விடவா?" சுற்றி நின்ற ஆண்களும் சிரித்தார்கள்.

சில வாரங்களில் அந்த சர்வோ செத்துப்போனது. புதிதாக ஒன்று மாட்டினாள். அதுவும் போனது. இரண்டும் நல்லவேளையாகத் தரையில் இருக்கும்போதே போயின. மூன்றாவது அப்படிப் போகவில்லை. ஆகாயத்தில் வால் திடீரென்று பம்பரமாகச் சுற்ற, அவள் ரேடியோவில் எதைத் தள்ளியும் பயனில்லாமல், மெஷின் திடல் ஓரத்துக்குச் சரிந்தது. அங்கேதான் சபாரியாவின் வாழைப்பழப் பொரியல் கடை. உடைந்த இறக்கைத் துண்டு மாவுச் சட்டிக்குள் விழுந்தது. சட்டிக்கு ஒரு கை தூரத்தில் மூன்று பிள்ளைகள் தட்டோடு நின்றிருந்தார்கள். மூன்றும் அவள் வேனில் போகிற பிள்ளைகள்.

எல்லோரும் ஓடிவந்தார்கள். ஹாஜி நிதானமாகத்தான் வந்தார். "மட்டமான சாமான் வாங்கி மாட்டுனா இப்படித்தான். எத்தன தடவ சொல்லிட்டேன்!" என்று கடைக்காரியின் முன்னால், பிள்ளைகளின் முன்னால் சத்தம் போட்டார். "அடுத்த ஞாயிறு கமிட்டி கூடும். நீ இந்தத் திடல்ல இனிமே பறக்கலாமா கூடாதான்னு அன்னிக்கு முடிவு."

சுரைனிக்கு அந்த ஒரு கை தூரம்தான் கண்ணிலேயே நின்றது. மறுநாள் வேனில் மூவரில் சின்னவள், "ஆன்ட்டி, உங்க ஹெலிகாப்டர் என் தல மேல விழப் பாத்துச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அன்றைக்கு அவள் ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு கோபம் மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. சர்வோ விற்றவன்மேல்.

தே கிம் செங் என்ற அந்த வியாபாரியின் கடைக்குள் நுழைந்த வேகத்தில் செத்த சர்வோக்கள் மூன்றையும் அவன் குடித்துக்கொண்டிருந்த காப்பிக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"போலிச் சாமான் வித்து எத்தன பேரக் கொல்லப் போற நீ?"

கிம் செங்கும் லேசுப்பட்டவன் இல்லை. "யாரப் பாத்து போலிங்கிற? உன் மெஷின் எங்க?"

"வேன்ல இருக்கு."

"எடுத்துட்டு வா. அப்புறம் கத்து."

அவன் முதலில் வால் கம்பியை விரலால் தள்ளிப் பார்த்தான். எங்கும் இறுக்கம் இல்லை, வழுக்கிக்கொண்டு போனது. மின்சாரம் அளவாக வருகிறதா என்று பார்த்தான். அதுவும் சரி. பிறகு ஜைரோவைக் கணினியில் மாட்டினான். திரையைப் பார்த்தவன் காப்பியைக் கீழே வைத்துவிட்டான்.

"ஐநூத்தி அறுபதா? யாரு போட்டது இத?"

"என்ன ஐநூத்தி அறுபது?"

"ஜைரோ ஒரு செகண்டுக்கு எத்தன தடவ சர்வோவுக்கு உத்தரவு போடுதுங்கற கணக்கு. நீ வாங்குனது முந்நூத்தி முப்பத்தி மூணுதான் தாங்கும். நல்ல சர்வோதான், ஆனா அதுக்கு மேல போட்டா உள்ளுக்குள்ள வெந்து போயிரும். சிலது அதிகம் தாங்கும், அதோட விலையே வேற. சர்வோ கீச்சுன்னு கத்தலயா?"

கத்தியது. வாரக்கணக்கில் அவள் காது பக்கத்திலேயே கத்தியது. பாடுகிறது என்று நினைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தப்பு சர்வோ மேல இல்ல, என் மேலயும் இல்ல. ஒரு சாரி சொல்லிட்டுப் போ" என்றான் கிம் செங்.

சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அது சாரி மாதிரியே இல்லை. அதே சர்வோவில் இன்னொன்று வாங்கினாள். கிம் செங் செட்டிங்கை மாற்றக் கை வைத்தபோது தடுத்தாள். "இருக்கட்டும். ஞாயித்துக்கிழம வரைக்கும் இப்படியே இருக்கட்டும்."

அந்த வாரம் முழுக்கக் கோபம் எரிந்தது. ஹாஜிமேல் எரிந்தது பாதி. சுற்றிச் சிரித்தவர்களின் சிரிப்புக்குப் பயந்து காதில் விழுந்ததை விழுங்கிக்கொண்ட தன்மேல் எரிந்தது மீதி.

ஞாயிறு தகரக் கொட்டகையில் கமிட்டி கூடியது. சுரைனி ஒட்டுப்போட்ட மெஷினை ஹாஜியின் முன்னால் மேசைமேல் வைத்தாள். இறக்கை சுற்றாதபடி பெரிய மோட்டாரின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியை மட்டும் மாட்டினாள். வால் சர்வோ கீச்சிட ஆரம்பித்தது.

"அத நிறுத்தும்மா" என்றார் ஹாஜி.

"பாடட்டும் ஹாஜி. நீங்க பேசுங்க."

ஹாஜி பேசினார். பாதுகாப்பு பற்றிப் பேசினார், கிளப்பின் பெயர் பற்றிப் பேசினார், ஹஜ்ஜுக்குப் போன இடத்தில்கூடத் திடலை நினைத்துக்கொண்டதைப் பேசினார். பெண்கள் அவசரப்படுகிற விதம் பற்றித் தனியாகப் பேசினார். சுரைனி வாயைத் திறக்கவில்லை. அவள் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததை யாரும் பார்த்ததில்லை. ஒருவர் இருவர் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்று பார்த்தார்கள். கடைசியில் ஹாஜி, "ஆறு மாசத் தட. மட்டமான சர்வோவுக்கு இதான் தண்டன" என்று முடித்தார்.

"சரி. அந்த மட்டமான சர்வோவ ஒரு தடவ பிடிச்சுப் பாருங்க."

ஹாஜி அலட்சியமாக இரண்டு விரலால் பிடித்தார். அடுத்த நொடி "அல்லாஹ்!" என்று கையை உதறிக்கொண்டு விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

"புதுசு ஹாஜி. இன்னும் ஒரு தடவகூடப் பறக்கல. உங்க பேச்ச மட்டும்தான் கேட்டுச்சு." குரல் அப்போதுதான் உயர்ந்தது. "ஐநூத்தி அறுபது போட்டிருக்கீங்க. இது தாங்குறது முந்நூத்தி முப்பத்தி மூணு. உங்க சர்வோ தாங்கும், அது உங்க மெஷினு. என் மெஷினுக்கு என்ன சர்வோன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்தப் புள்ள தலையில விழுந்திருந்தா அதையும் மட்டமான சாமான்னு சொல்லிட்டுப் போயிருப்பீங்க!"

பிறகு பின் வரிசையில் ஒருவன் எழுந்து தன் மெஷினிடம் போய், பேட்டரியை மாட்டி, வால் சர்வோவைத் தொட்டுப் பார்த்தான். இன்னொருவன் எழுந்தான். போன மாதம் இரண்டு வால் சர்வோ பறிகொடுத்து கிம் செங்கைத் திட்டிக்கொண்டு திரிந்தவன் அவன். கொஞ்ச நேரத்தில் பாதிக் கொட்டகை காலி.

ஹாஜி விரலைப் பார்த்துக்கொண்டே, "சரி விடு. தடைய எடுத்துர்றேன்" என்றார்.

"தடய அப்புறம் எடுக்கலாம். மொதல்ல எல்லா மெஷின்லேருந்தும் உங்க செட்டிங்க எடுங்க. சபாரியாக்கா அடுப்பு பத்தவைக்கிறதுக்கு முன்னாடி."

ஹாஜி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகக் குனிந்தார். ஒவ்வொருவனிடமும், "இது என்ன சர்வோ?" என்று கேட்டுக் கேட்டு மாற்றினார். எல்லாம் முடித்து வேர்வையோடு கடைசியாகச் சுரைனியின் மேசைக்கு வந்து கையை நீட்டினார்.

சுரைனி மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இத நீங்க தொடாதீங்க ஹாஜி."