கொட்டாஞ்சேனை மாளிகையும் எங்கள் அண்ணரும்

முருகப்பெருமான் திருவடியை நினைந்து, நடந்ததை நடந்தபடி இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். பிழையிருந்தால் உறவினர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் அண்ணர் அவர்கள் காரைநகரில் பிறந்தவர். அப்பா காலமானபோது அவருக்கு வயது பதினான்கு. அம்மாவையும் என்னையும் காப்பாற்றக் கொழும்புக்கு ரயிலேறி, புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை சுமந்தார். பிறகு அந்தக் கடை முதலாளி கொட்டாஞ்சேனையில் மாளிகை கட்டியபோது, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அண்ணரிடம் கொடுத்தார். பளிங்குத் தரை, தேக்கு மரப் படிக்கட்டு, மேல்மாடியில் நின்றால் துறைமுகத்துக் கப்பல்கள் எல்லாம் தெரியும்.

உலக யுத்தப் பயத்தில் முதலாளி குடும்பத்தோடு கண்டிக்குப் போனார். மாளிகை விலைக்கு வந்தது. வருகிறவர்களுக்கு வீட்டைக் காட்டுவது அண்ணர்தான். தெற்குப் பக்க அறை மழைக்கு ஒழுகும் என்பதை யாரும் கேட்குமுன்பே சொல்லிவிடுவார்.

"நீர் வீட்டை விக்கிறீரோ, அதிலையுள்ள குற்றத்தை விக்கிறீரோ?" என்று கண்டியிலிருந்து வரும்போதெல்லாம் முதலாளி ஏசுவார். அண்ணர் சிரித்துக்கொண்டே நிற்பார். ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்வார்: "இது கட்டின நாள்தொட்டு ஒரு சாவு விழாத வீடு." செட்டியார் தெருவில் வியாபாரம் செய்யும் செட்டியார் ஒருவர் அந்தச் சொல்லை நம்பியே வாங்க இசைந்தார். திங்கட்கிழமை விற்பனை உறுதி எழுத இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆள் வந்து கூப்பிட, ஓடினேன். படிக்கட்டடியில் அண்ணர் கிடந்தார். ஒரு கை நெஞ்சில்; மறு கையில் மாளிகைக் கதவுகளின் திறப்புக்கோர்வை. மூச்சில்லை; உடம்பு குளிரத் தொடங்கியிருந்தது. உறுதி எழுதக் கண்டியிலிருந்து வந்திருந்த முதலாளியின் மகன் பக்கத்தில் நின்றார்.

"தம்பி, காரிலை ஏத்துவம். வெள்ளவத்தையிலை உங்கடை வீட்டிலை நடந்ததெண்டு சொல்லும். செட்டியாருக்குத் தெரிஞ்சா வாங்கமாட்டார். அண்ணர் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

அண்ணர் ஒருநாளும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் என் வாயிலிருந்து "ஓம்" என்றுதான் வந்தது. உயிருள்ளவரைப்போல அவரைக் காரில் இருத்திக் கொண்டுவந்தேன். கட்டிலில் கிடத்தியபின், இப்போதுதான் மூச்சு நின்றது என்று அண்ணியிடம் சொன்னேன்.

உயிர் பிரிந்த இடத்தில் விளக்கும் தண்ணீரும் வைப்பது எங்கள் வழக்கம். அண்ணி அந்தக் கட்டிலடியில் வைத்தார். தினமும் திரி தூண்டும்போது, "இந்த இடந்தானே, தம்பி?" என்று கேட்பார். நான் தலையாட்டுவேன்.

எட்டாம் நாள் படையலில் அண்ணருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு இருந்தது. நான் இலையை விட்டு எழுந்தேன். அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அண்ணி அழவில்லை.

"அப்ப எட்டு நாளா மனுசன் அங்கை இருட்டுக்கை நிக்குது" என்றார்.

சாவுத் துடக்குக் கழியும்வரை வீட்டுப் படி இறங்கக்கூடாத நாட்கள். அண்ணி விளக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். ரயிலும் டிராமும் ஏறிப் போனோம். மாளிகையில் செட்டியார் பால் காய்ச்சிக் குடிவந்திருந்தார். அண்ணி வாசற்படலையிலேயே நின்று, என் பொய்யையும் சேர்த்து அவரிடம் சொன்னார்.

"நாங்கள் துடக்குக்காரர், உள்ளுக்கு வரமாட்டம் ஐயா. இந்த விளக்கை மட்டும் ஆரையேன் கொண்டு படியடியிலை வைப்பியுங்கோ."

செட்டியார் விளக்கைப் பார்த்தார்.

"இங்க சாவு விழலைன்னு சொன்னவர் அவர்தானேம்மா?"

"ஓம்."

"அவர் சொன்னப்ப அது உண்மைதான்."

என்னை அவர் பார்க்கவேயில்லை. விளக்கை அண்ணியின் கையிலிருந்து தாமே வாங்கி, உள்ளே கொண்டுபோய் வைத்தார். இன்று முப்பத்தோராம் நாள்வரை அவர் வீட்டார் அதை அணையவிடவில்லை.

அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. துயரில் தோள் கொடுத்த அயலவர்க்கும், பாடை சுமந்தவர்க்கும், திருமுறை ஓதிய அன்பர்க்கும் எங்கள் கைகூப்பிய வணக்கம்.

மரண அறிவித்தலில் வெள்ளவத்தை இல்லம் என்று உங்களுக்குத் தெரிவித்தது நான். அது பொய். எங்கள் அண்ணர் சிவபதமடைந்தது கொட்டாஞ்சேனை மாளிகையின் படிக்கட்டடியில். இம்மலரின் முதற்பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.