சந்திரலேகாவின் கருநாக்கும் ஒரு சாபக்காரியும்

சந்திரலேகாவின் நாக்கு நுனியில் மிளகளவுக்கு ஒரு கறுப்பு மச்சம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் முதுநகரை ஒட்டிய அவளுடைய குப்பத்தில், அவள் வாயைத் திறந்ததும் நாலு பேர் முகம் சுருங்க அந்த மிளகளவே போதுமாயிருந்தது. கருநாக்கு, சொன்னால் பலித்துவிடுமாம். கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரம் பார்த்து அம்மா மங்கம்மா அவள் வாயில் ஒரு கொட்டைப் பாக்கைத் திணிப்பாள். அப்பா சடையப்பன் கடலுக்குக் கிளம்பும்போது அவள் வெளியே தலைகாட்டக் கூடாது.

இரண்டாயிரத்து நாலு டிசம்பரில் அவளுக்குப் பதின்மூன்று வயது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அப்பா நாளைக்கு வீட்டில் இருந்தால் மஞ்சக்குப்பம் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போவார் என்ற ஆசையில், "போவாதப்பா, போனாலும் ஒண்ணும் கெடைக்காது" என்றாள். மகள் பேச்சைக் கேட்டு சடையப்பன் போகவில்லை. மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது. இவர்கள் எப்படியோ தப்பித்தார்கள். கரையில் கிடந்த படகு இரண்டாகப் பிளந்தது. பக்கத்து வீடுகளில் பிள்ளைகளையே பறிகொடுத்தார்கள். முதல் நாள் அவள் சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருந்தால் தேவலை. எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து சந்திரலேகா பேச்சைக் குறைத்துவிட்டாள். நிவாரணத்தில் அப்பாவுக்கு ஒரு பைபர் படகு கிடைத்த நாளிலும் அவள் உள்ளேதான் இருந்தாள்.

பிறகு சிதம்பரத்தில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ். தினமும் பஸ். கெமிக்கல் கம்பெனி நாற்றமடிக்கும் குடிகாடு தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டால் மற்றதெல்லாம் சுகமான பயணம். அந்தக் கல்லூரியில்தான், சீனியர் ஆகாஷ் ஆளில்லாமல் தவித்து அவளை ஓர் ஆட்டத்துக்குக் கூப்பிட்டான்.

பலகை கிடையாது, காய் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் அவன் சிநேகிதன் ஜெயசீலன் வீட்டு மாடியில் நாலு பேர் உட்காருவார்கள். ஆகாஷ் கதை சொல்லுவான்; கதையில் வருகிற திருடன், பூதம், ராட்சசன் எல்லாருக்கும் அவனே பேசுவான். மற்ற மூவரும் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிப் பகடை உருட்ட வேண்டும். வேஷங்களுக்கு அமெரிக்காவிலிருந்து ஆகாஷின் சித்தப்பா கொண்டுவந்த தடிப் புத்தகம் ஒன்று. ஜெயசீலன் வீரன் ஆனான். திருவதிகையிலிருந்து வரும் ப்ரீத்தி மந்திரவாதி. யாருக்கும் வேண்டாமல் மிஞ்சியது பூசாரி. அது சந்திரலேகா தலையில் விழுந்தது. ஒரு வருஷம் முழுக்க அவள் வேலை, அடிபட்ட ஜெயசீலனைப் பார்த்து "காயம் ஆறட்டும்" என்று முணுமுணுப்பது. வீரனும் எழுந்து போய் அடுத்த அடியை வாங்குவான்.

இரண்டாம் வருஷம் ஆகாஷ் ஒரு கூடுதல் புத்தகத்தை ஜெராக்ஸ் போட்டு வந்தான். முதல் புத்தகத்தில் இல்லாத புது வேஷங்கள் அதில் இருந்தன. ஆளாளுக்குப் பிடுங்கிப் புரட்டினார்கள். பாட்டுப் பாடிச் சண்டை போடுகிறவன் ஒருவன், மிருகமாக மாறுகிறவன் ஒருவன். கடைசிப் பக்கங்களில் ஒரு சாபக்காரி. கத்தி கிடையாது, மந்திரமும் கிடையாது. எதிரியைப் பார்த்துச் சாபம் விட்டால் அவன் உருட்டுவதில் இரண்டு குறையும். சாபத்தை ஆடுகிறவரே சொந்த வாயால் சத்தமாகச் சொல்ல வேண்டும்.

"இது டம்மி வேஷம். யாரும் எடுக்காதீங்க" என்றான் ஆகாஷ்.

"எனக்கு அதுதான் வேணும்" என்றாள் சந்திரலேகா. அவள் அந்த மாடியில் தானாகக் கேட்ட முதல் விஷயம் அது.

முதல் சாபம் ஒரு வழிப்பறிக்காரனுக்கு. அவள் ஆகாஷை நேராகப் பார்த்தாள், திருடனுக்குப் பேசுகிறவன் அவன்தானே. "கட்டையில போறவனே! ஒன் அடுப்புல பூனை தூங்க! ஒன் கை வெளங்காம போவ! நீ ஏறுற குதிர காலு முறிய!" மீன் ஏலத்தில் நின்று காதால் சேர்த்துவைத்த சரக்கு அத்தனையும் கொட்டியது. ப்ரீத்தி கைதட்டினாள். ஜெயசீலன், "யம்மாடி, எங்க வெச்சிருந்த இதெல்லாம்?" என்றான். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் சந்திரலேகா தானாகச் சிரித்துக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

வாரங்கள் போயின. ஒரு சனிக்கிழமை எல்லாரும் சேமியா ஐஸ் தின்றார்கள். அப்போதுதான் ப்ரீத்தி சந்திரலேகாவின் நாக்கைப் பார்த்தாள். பார்த்தவள் சும்மா இருந்திருக்கலாம். பழைய சாபங்களை உட்கார்ந்து யோசித்தாள். குதிரைக் கால் முறிய என்றாள் இவள்; ஜெயசீலன் சிதம்பரம் வண்டி கேட் பக்கம் பைக்கில் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருக்கிறான். கோட்டை இருண்டுபோக என்றாள்; தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்தது. கிழட்டு மந்திரவாதிக்குப் படித்ததெல்லாம் மறக்க என்றாள்; ஆகாஷ் ஒரு பேப்பரில் பெயில். அந்தப் பேப்பருக்கு அவன் புத்தகத்தையே திறக்கவில்லை என்பது வேறு கதை.

அடுத்த வாரம் சந்திரலேகா வந்தபோது மூவரும் முன்னாலேயே பேசி வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தார்கள்.

"லேகா, அந்த ஜெராக்ஸ் புக்கு வேணாம்னு பாக்குறோம்" என்றான் ஆகாஷ். "ஆட்டத்துல பேலன்ஸ் போயிடுது. சாபக்காரிக்குப் பவர் ஜாஸ்தி."

"டம்மின்னு சொன்ன?"

"ஆட ஆடத்தான தெரியுது. மறுபடி பூசாரியா ஆயிடேன்."

ஜெயசீலன் அவசரமாக, "எனக்கு இந்த நம்பிக்கல்லாம் கெடையாது. நான் ஞாயித்துக்கெழமை கோயிலுக்குப் போறவன்" என்றான். எந்த நம்பிக்கை என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. கட்டுப் போட்ட காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

சந்திரலேகா ப்ரீத்தியைப் பார்த்தாள். ப்ரீத்தி தரையைப் பார்த்தாள். சந்திரலேகா வாயில் பாக்கின் துவர்ப்பு ஊறியது. உலகத்திலேயே அவள் வாய்விட்டுப் பேசியது இந்த ஓட்டை மாடியில்தான். இதுவும் போய்விட்டால் மிச்சம் ஒன்றுமில்லை. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். போகவில்லை.

"ஜெயசீலா, ஒரு வருசமா ஒன் வீரனுக்குக் காயம் ஆறட்டும் ஆறட்டும்னேன். அவன் சாவாமதான இருந்தான்? அன்னைக்கு யாராவது என் நாக்க எட்டிப் பாத்தீங்களா?"

ஆகாஷ் ஜெராக்ஸ் புத்தகத்தின் மூலையை மடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா கடலுக்குப் போற அன்னைக்கெல்லாம் நான் கதவுக்குப் பின்னாடி நின்னு, நல்லபடியா வந்துடுப்பான்னு சொல்லுவேன். சின்னப் புள்ளையிலேருந்து சொல்றேன். எல்லா நாளும் வந்துட்டாரு. அத யாரும் என் கணக்குல வெக்கல. ஒரே ஒரு நாளு, மஞ்சக்குப்பம் போற ஆசையில ஒரு வார்த்த சொல்லிட்டேன். அதுக்குப் போயி..." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் பூசாரி ஆவ மாட்டேன். வேணும்னா என்னைய போவச் சொல்லுங்க."

ப்ரீத்தி அழுதாள். அழுகிறபோதே பகடையை எடுத்து சந்திரலேகா முன்னால் வைத்தாள்.

ஆகாஷ் தொண்டையைச் செருமினான். "சரி. பாலத்துல ஒரு ராட்சசன் வழிமறிச்சு நிக்குறான். நீ என்னா பண்ற?"

"சாபம் வுடுறேன்."

"வுடு" என்று சொல்லிவிட்டு ஆகாஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பரீட்சை எழுதின பையனுக்கு ரிசல்ட் வாசிப்பதுபோல அவள் நிறுத்தி நிதானமாக விட்டாள். ராட்சசன் உருட்டியதில் இரண்டு குறைந்தது. குறைந்தும் அவன் ஜெயசீலனுடைய வீரனைத் தூக்கி ஆற்றில் எறிந்தான். சாபம் பெரிதாகப் பலிக்கவில்லை. தன் வீரன் அடிபட்டதற்கு ஜெயசீலன் அவ்வளவு சந்தோஷப்பட்டு அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை விடிகாலை சடையப்பன் கிளம்பினார். சந்திரலேகா அம்மாவைத் தாண்டி வெளியே வந்தாள். "எங்கடி போற?" என்று மங்கம்மா கையைப் பிடித்தாள். மகள் கையை உருவிக்கொண்டு, மணலில் இறங்கி, படகு வரைக்கும் நடந்தாள். படகில் சேர்ந்து போகிற பழனிவேல் மாமா பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, நல்லபடியா போயிட்டு வா. மீனு நெறைய மாட்டட்டும்" என்றாள், எல்லார் காதிலும் விழும்படி.

சடையப்பன் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். "வரேன்மா" என்று சொல்லிவிட்டுப் படகைத் தள்ளினார்.

மங்கம்மா காலையில் உலை வைக்கவில்லை. கரையிலேயே நின்றாள். மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வெயில் ஏறிய பிறகு படகு தெரிந்தது. சடையப்பன் நனைந்த வேட்டியோடு முழுசாக இறங்கி வந்தார்.

"மீனு எப்புடி?" என்றாள் மங்கம்மா.

"சுமாரு" என்றார்.

மத்தியானம் குழம்புக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்த மங்கம்மா, தலையை நிமிர்த்தாமலே மகளிடம் சொன்னாள்: "நாளைக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுடி."