கோர்வை இல்லை

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஓர் எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக என் பெயரை வெட்டி, அதற்குக் கீழே 'கட்டுரை வளர்ச்சிப் பரிசு' என்றும் வெட்டியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, ஈரம் துடைத்து, பழைய இடத்திலேயே வைப்பாள். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவாள். "எம் பொண்ணு எழுதி வாங்கினதுமா. பேரு வெட்டிக்கிறாங்க பாரு" என்பாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் எழுத்து இருக்கும் பக்கத்தை வந்தவர்களுக்கு நேராகத் திருப்பிப் பிடிக்கத் தெரியும். இத்தனை வருடங்களில் அந்த டம்ளரில் ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

மாகறலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் இல்லை. காலையில் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்தில் இறங்கிப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு நடக்கும்போது, தெருவே என்னைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இருந்திருக்காவிட்டால் பத்தாம் வகுப்புவரை வந்திருக்க மாட்டேன். அதே திமிர்தான் பிறகு என் வாயையும் கட்டியது.

அந்த வருடம் எங்கள் தமிழ் டீச்சர் ஒரு புதுப் பரிசை அறிவித்தார். ஜூனில் எழுதிய முதல் கட்டுரையையும் பிப்ரவரியில் எழுதப்போகும் கடைசிக் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாராம். "நல்லா எழுதறவங்களுக்கு வேற பரிசு இருக்கு. இது யார் எங்கே ஆரம்பிச்சு எவ்வளவு தூரம் வந்திருக்காங்கங்கிறதுக்கு" என்றார். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "அப்ப ஜூன்ல வேணும்னே கேவலமா எழுதிடலாம்டி" என்று முணுமுணுத்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் உடனே, "எனக்கு அந்தக் கஷ்டமே இல்ல. தானா வந்துடும்" என்றாள். சிரிப்பை அடக்க நான் டெஸ்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன்.

அவள் பெரிய காஞ்சிபுரத்து நெசவுத் தெருப் பெண். விடிந்தது முதல் மணி எட்டு வரை அப்பாவின் தறியில் உட்கார்ந்துவிட்டு ஓடி வருவாள். விரல் நுனியில் அரக்குச் சாயம் ஏறியிருக்கும். அவளை அந்த வருடத்தோடு நிறுத்திவிடுவதாக வீட்டில் பேச்சு. கெஞ்சிக் கெஞ்சி ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மேடைக்குக் கூப்பிட்டு அவளுக்கு ஏதாவது கொடுத்தால் மேலே படிக்கலாம், இல்லாவிட்டால் முழு நேரமும் தறிதான் என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். பாட்டு வராது, ஓட்டம் வராது, கணக்கு அறவே வராது. மிச்சம் இருந்தது இந்த ஒரு பரிசு. இதை அவள் என்னிடம்தான் சொன்னாள். வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது.

ஜூன் மாதக் கட்டுரை திரும்பி வந்தபோது அவள் நோட்டில் சிவப்பு மையில் இரண்டே சொற்கள் இருந்தன: கோர்வை இல்லை. அவள் அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சருக்கு எப்படிடி கோர்வை தெரியும்? அவங்க நம்ப ஊரே இல்லியே."

"ஏன், அதுக்கென்ன?"

"கோர்வைன்னா ரெண்டு பேரு வேணும்டி. அப்பா புடவையோட உடலுக்கு நூல் நாடா தள்ளுவாரு, நான் கரைக்குத் தள்ளுவேன். கரை ஒரு கலரு, உடல் ஒரு கலரு. ரெண்டும் சேர்ற எடந்தான் கோர்வை. ஒண்டியா எப்படிப் போடுறது? அதான் ரெண்டு ரெண்டு பேரா உக்கார வெச்சிக்கிறாங்க போல."

டீச்சர் சொன்ன கோர்வை அது இல்லை என்று எனக்குத் தெரியும். கருத்தைத் தொடர்ச்சியாகச் சொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். அங்கேயே, அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் தொடர்ந்து, "நீ நடுவுல நல்லா எழுதுற. ஆனா உனக்கு ஆரம்பிக்கவும் தெரில, முடிக்கவும் தெரில. நான் கரை போடுறேன், நீ உடல் போடு" என்றாள். அவள் சொன்னது உண்மை. என் கட்டுரைகள் எப்போதும் 'ஆகவே நாம் அனைவரும்' என்று முடியும். அந்தக் கரை எனக்கு வேண்டியிருந்தது. அவளைத் திருத்தவில்லை.

அன்றிலிருந்து மதியச் சோறு தின்னும் நேரம் எங்களுக்குத் தறி நேரம் ஆயிற்று. நான் சொல்வதைக் கேட்டு அவள் முதல் வரியும் கடைசி வரியும் தருவாள். அவள் சொல்வதைக் கேட்டு நான் நடுவை நிரப்பச் சொல்லிக்கொடுப்பேன். நோட்டை அவரவரே எழுதினோம். சிவப்பு மை இரண்டு நோட்டிலும் குறைந்துகொண்டே வந்தது. ஒரு முறை கோர்வையின் இலட்சணத்தையும் சொன்னாள். "மேலால பாத்தா சேத்த எடம் தெரியக் கூடாது. திருப்பிப் பாத்தா தெரிஞ்சிடும். அத மறைக்க முடியாது."

கடைசிக் கட்டுரையின் தலைப்பு 'ஒரு மழை நாள்'. அந்த வாரம் அவள் வீட்டுத் தறியில் அவசரமாக ஒரு முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விட நேரமில்லை. முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் எழுதி, நடுவில் இரண்டு பக்கம் வெற்றாக விட்டு, "நீயே போட்டுடு" என்று நோட்டை என்னிடம் கொடுத்தாள். மழை நாளில் தறியில் கட்டிய பாவு நூல் நமுத்துப் போவதையும், தறி நின்றுபோன வீட்டில் முதல் தடவையாக அப்பாவின் பேச்சு காதில் விழுந்ததையும் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். அதை என் கையெழுத்தில் எழுதினேன். என் கட்டுரைக்கு முடிவு வரவில்லை என்றதும் அவள் கொஞ்சம் யோசித்து, வாயாலேயே சொன்னாள்: "மழை நின்றது. அம்மா களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் குளிர் வந்தது." எங்கள் வீட்டை அவள் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை டீச்சர் அவள் நோட்டைத் தூக்கிப் பிடித்தார். ஒரே கட்டுரையில் இரண்டு கையெழுத்து. யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். அவள் கொஞ்சமும் பயப்படாமல் எழுந்து, "உடல் அவ போட்டா, கரை நான் போட்டேன் டீச்சர். நீங்கதானே கோர்வை இல்லைன்னு எழுதினீங்க" என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று டீச்சர் நினைத்துவிட்டார். முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார்.

"நீயா எழுதிக் கொடுத்தே?"

"ஆமா டீச்சர். அவ கேட்டா."

என் நோட்டைப் புரட்டிக் கடைசி மூன்று வரிகளை உரக்கப் படித்தார். வகுப்பு அடங்கிப்போயிற்று. "இது?"

"நான் எழுதினது டீச்சர்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தறியில் நூல் அறுந்தால் எங்கே அறுந்தது என்று தேடுவார்களே, அப்படிப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் அவள் நோட்டைப் பரிசிலிருந்து தள்ளிவைத்தார்; என்னை ஒரு திட்டோடு விட்டுவிட்டார்.

பரிசளிப்பு விழாவுக்கு அவள் வந்திருந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். பிறகு என்னிடம் வந்து டம்ளரை வாங்கி, வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "சேத்த எடமே தெரில. நல்லாத்தான் போட்டுக்கிறே" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அது பாராட்டா குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

நான் படித்து முடித்து இப்போது ஒரு பள்ளியில் தமிழ் சொல்லித்தருகிறேன். போன மாதம் தலைமையாசிரியை, எழுத்தில் முன்னேறிய மாணவிக்கு ஒரு பரிசு வைக்கலாம் என்றும், பெண்ணை நானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அன்று ஒரு நோட்டில் சிவப்பு மையால் 'கோர்வை' என்று எழுதத் தொடங்கியவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை டம்ளரைப் பையில் போட்டுக்கொண்டு அவள் தெருவுக்குப் போனேன்.

அவள் அப்பா தறியில் இருந்தார். கரைப் பக்கத்தில் அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள். "அவள ஆரணில குடுத்துக்குதும்மா. ரெண்டு பசங்க. அங்கியும் தறிதான்" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, "படிக்கணும்னு ஆசதான் அதுக்கு. காப்பி அடிச்சிட்டான்னு பேச்சு வந்துடிச்சி. அதான் நிறுத்திட்டேன்" என்றார்.

"அவ காப்பி அடிக்கலப்பா. எனக்குக் குடுத்த பரிசுல பாதி அவ எழுதினது. நான்தான் அன்னிக்குச் சொல்லல."

அவர் கை நின்றது. அந்தச் சின்னப் பெண்ணும் நிறுத்தினாள். நான் டம்ளரை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இத அப்பவே வந்து சொல்லக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். பிறகு சின்ன மகளைப் பார்த்துத் தலையை அசைத்தார். தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது.

டம்ளர் மேல்தட்டுக்கே திரும்பி வந்துவிட்டது. அம்மா எப்போதும்போலத் தேய்க்கிறாள், காட்டுகிறாள். நேற்று அவள் வயலுக்குப் போனபின் அதை எடுத்து, முதல் முறையாக உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். வெளியே குழிந்திருக்கும் புள்ளிகளெல்லாம் உள்ளே முள்ளு முள்ளாகப் புடைத்துக்கொண்டிருந்தன.