இடப்பக்கம் இழுத்த வண்டியும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் பிறந்தது மலைமேல் அரியூர் நாட்டில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய வீட்டில். பத்தாவதோடு படிப்பு நின்றது. சேந்தமங்கலத்துக்கு இறங்கி லாரிப் பட்டறையில் தொழில் கற்றார். பிறகு மலைக்கே திரும்பிச் சொந்தப் பட்டறை வைத்து, தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, என்னையும் படிக்க வைத்தார். இந்த நினைவு மலரில் அவருடைய நல்ல குணங்களைச் சொல்ல உறவினர்கள் நீங்கள் பலர் இருக்கிறீர்கள். பிடிவாதத்தைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாருமில்லை. அதன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவன் நான்.

வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் கார் ஒன்று காப்பித் தோட்டக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்தது. அண்ணன் அதைப் பட்டறைக்கு இழுத்து வந்தார். இன்ஜின் சீக்கிரமே வழிக்கு வந்தது. பிரேக் வரவில்லை. மிதியை மிதித்தால் இரும்புக் கம்பிகள் இழுத்துச் சக்கரங்களைப் பிடிக்க வேண்டும். இடது சக்கரம் உடனே பிடிக்கும். வலது சக்கரம் யோசித்துவிட்டுப் பிடிக்கும். அதற்குள் வண்டி இடப்பக்கம் திரும்பிவிடும். நம் மலைப் பாதையில் இடப்பக்கம் என்றால் பாதி வளைவுகளில் பாறை, மீதி வளைவுகளில் ஒன்றுமே இல்லை.

கல்யாணமான புதிதில் அண்ணியை லாரி கேபினில் ஏற்றி மலைக்குக் கூட்டி வந்தது அண்ணனுக்குத் தீராத குறை. ஒருநாளாவது இந்தக் காரில் உட்காரவைத்துச் சேந்தமங்கலம் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “அது நேரா நிக்கட்டுங்க. அன்னிக்கு ஏறறேன்.”

“ஆயில் பிரேக் மாட்டிரலாமுங்ண்ணா,” என்று நான் கெஞ்சாத நாளில்லை.

“மாட்டுனா அது வேற வண்டிடா. இத இதாவே நிக்க வெக்கோணும்.”

கம்பியை நீட்டினார், குறுக்கினார், பிரேக் லைனிங்கைத் தேய்த்தார். ஒவ்வொரு சோதனைக்கும், சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் போக வேண்டும். ஒருமுறை வளைவில் அவர் மிதித்ததும் அடியில் ‘டங்’ என்றது. எட்டுக்கை அம்மனைக் கூப்பிட்டேன். எட்டில் ஒரு கையால் அந்தச் சக்கரத்தைப் பிடிக்கக் கூடாதா? பதில் வருவதற்குள் கட்டையை அணைத்தபடி குதித்துக் காப்பிச் செடிகளுக்குள் உருண்டுவிட்டேன்.

மேலிருந்து அண்ணன் குரல்: “வண்டி நின்னுருச்சுடா! நீதான் நிக்கல!”

நின்றது உண்மைதான். இடப்பக்கம் பார்த்து நின்றது.

பிறகு, ஏர் மாடுகள் இரண்டையும் நுகத்தடி சேர்த்து இழுக்க வைப்பதுபோல, இரண்டு கம்பிகளையும் பூட்டும் ஓர் இரும்பு நுகத்தடி செய்தார். முந்திய சக்கரம் பிந்திய சக்கரத்துக்காகக் காத்திருக்கும். அப்படியும் கொஞ்சம் இழுத்தது. மிதியின் கம்பி மாட்டும் நடுத் துளையை ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இந்தப் பக்கம், ஒரு நூல் அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டார். எனக்கு அழுகையே வந்தது. அவருக்குக் கோபம்கூட வரவில்லை. நோய்தான் வந்தது.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் பேசியதும் இதுதான்: “டேய், துளைய இன்னும் அரை நூல் வலப்பக்கம் தள்ளிப் பாரு.” சொத்தைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்து காது கொடுத்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆஸ்பத்திரியில் கண் விழித்த மாப்பிள்ளைகளுக்கும், மழையிலும் தோள் கொடுத்த அரியூர் நாட்டு, திண்ணனூர் நாட்டுச் சொந்தங்களுக்கும், பட்டறையை இன்றும் நடத்தும் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு எழுத வராது.

போன வாரம் துளையை அரை நூல் தள்ளினேன். அண்ணியிடம் சொன்னேன். வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தவர், ஏறி உட்கார்ந்தார். நான்தான் ஓட்டினேன். முதல் வளைவில் மிதித்தேன். ஒரு பக்கமும் இழுக்காமல் வண்டி நின்றது.

“நேராத்தான் நிக்குது தம்பி,” என்றார் அண்ணி. கை நீட்டி ஸ்டீரிங்கைத் தொட்டுப் பார்த்தார்.

“இத நான் யாருகிட்டச் சொல்லோணுமோ, அவரு இல்லையே.”