பூட்டிய காருக்குள் தாலி

சித்தூரில் நாலைந்து கார்களே ஓடிய காலம். நான் ஒரு வக்கீலிடம் டிரைவராக இருந்தேன். என் கல்யாணத்துக்கு அவர் தன் காரையே தந்தார். அந்தப் பெருமையில்தான் புத்தி கெட்டது.

அன்றுதான் முதன்முதலாகக் கோட்டுப் போட்டேன். தேவாலய வாசலில் இறங்கி, சாவியைக் கோட்டுக்குள் போடப் பார்த்தால், தையற்காரர் பாக்கெட்டின் தையலைப் பிரிக்கவே இல்லை. சாவியைக் கார் சீட்டில் இருந்த தாலிப் பெட்டிமேல் வைத்தேன். யாரும் தொடக்கூடாதென்று உள்பூட்டைத் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினேன். பெட்டியும் சாவியும் உள்ளே மாட்டிக்கொண்டன.

போதகர் காத்திருந்தார். பாகாலாவிலிருந்து வந்த மாமனார் கல்லை எடுத்துவிட்டார். கண்ணாடி உடைந்தால் என் வேலை போய்விடும்.

அப்போது ஜட்கா வண்டியிலிருந்து மணப்பெண்ணே இறங்கி வந்தாள்.

"ஒடைக்காதீங்க நைனா, இருங்க" என்றாள் அப்பாவிடம்.

தலையில் வெள்ளை நெட் முக்காட்டைப் பிடித்திருந்த மெழுகுப்பூ வளையத்தைக் கழற்றினாள். பூக்களை உருவிப்போட்டு உள்ளிருந்த கம்பியை நிமிர்த்தினாள்.

"ஐயோ, இன்னாடி பண்ற!" என்று அவள் அத்தை அலறினாள்.

"பூ இல்லன்னா கல்யாணம் நிக்காது அத்தே. தாலி இல்லன்னா நின்னுடும்."

கண்ணாடி ஓரத்து இடுக்கில் கம்பியை நுழைத்து, உள்கைப்பிடியில் மாட்டி இழுத்தாள். கதவு திறந்தது. சாவியை என்னிடம் தராமல் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

இன்றும் சாவியைக் கையில் பார்த்த பிறகுதான் கார்க் கதவைச் சாத்துகிறேன்.

அன்று போதகர், "கணவனுக்குக் கீழ்ப்படிவாயா?" என்று அவளைத்தான் கேட்டார். அவள் சம்மதம் சொன்னாள். என்னைக் கேட்காமலே நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.