பிளாஷ் பட்டதும் நின்ற லைன்

கொம்பையாவுக்கு மேதாவிகளைக் கண்டாலே ஆகாது. அதுவும் மேனேஜர் புருஷோத்தமன் மாதிரி டை கட்டிய மேதாவி என்றால் சுத்தமாக ஆகாது. ஆலங்குளத்துப் பக்கமிருந்து 2007-ல் ஒரகடம் வந்து, மண்ணூரில் ஆறு பேரோடு ஒரே ரூமில் கிடந்து, பம்பர் செய்யும் கம்பெனியில் ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். 2013 தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அந்த வருஷம் பழைய ரிலேக்களைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் ரிலே மாட்டினார்கள். கோளாறு வந்தால் கண் சிமிட்டுவதற்குள் கரண்டை வெட்டுகிற பெட்டி அது. புதுசுக்கு வெளிச்சம் பார்க்கிற கண் வேறு. பேனலுக்குள் பொறி வெளிச்சமும் தெரிய வேண்டும், கரண்டும் எகிற வேண்டும்; இரண்டும் சேர்ந்தால்தான் வெட்ட வேண்டும். டெஸ்ட் பண்ண வந்த இன்ஜினீயர் மகராசன் கரண்ட் பார்ப்பதை ஆஃப் பண்ணிவிட்டு, திரும்பப் போடாமலே கிளம்பிவிட்டான். இனி வெறும் வெளிச்சம் பட்டாலே வெட்டிவிடும் என்று கொம்பையா லாக் புக்கில் இரண்டு தடவை எழுதினான். புருஷோத்தமன் படித்தாரா? படித்துக் கிழித்தார்!

"ஐ.டி.ஐ. முடிச்சிட்டு எனக்கே கிளாஸ் எடுக்கறியாபா?" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. ஆர்டர் அவசரமாம், சாமிக்காகக்கூட லைனை நிறுத்த மனசில்லை. புருஷோத்தமன் மெயின் பேனல் கதவை விரியத் திறக்கச் சொல்லி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பிளாஷ் அடித்து ஒரு போட்டோ எடுத்தார். டப்! மொத்தக் கம்பெனியும் நின்றது.

லீவு முடிந்து வந்தால் ஒரு கடிதம் தயாராக இருந்தது. 'நான் ஒயரைத் தொட்டதால் சப்ளை நின்றது' என்று கொம்பையா எழுதியதாக! கையெழுத்துப் போட்டால் பர்மனென்ட் போச்சு, போடாவிட்டால் வேலையே போச்சு. செட்டிங்கையாவது சரி பண்ணினாரா மனுஷன்? பண்ணினால் தப்பு இருந்தது என்று ஆகிவிடுமே! அப்படியே விட்டுவைத்திருந்தார்.

"போடுதேன் சார். மொதல்ல பேனல் ரூமுக்கு வாங்க" என்றான் கொம்பையா. விசாரிக்க வந்த ஹெச்.ஆர். ஜோதியும் கூடப் போனாள்.

பேனல் கதவைத் திறந்தான். பூஜைக்குப் படம் எடுத்த அதே கேமராவை நீட்டினான்.

"அன்னைக்கு மாதிரியே ஒரு போட்டோ எடுங்க. லைன் நிக்கலன்னா இங்கனயே கையெழுத்துப் போட்டுட்டு, இப்பவே ஊருக்கு பஸ் ஏறிருதேன்."

புருஷோத்தமன் கேமராவைத் தொடவேயில்லை. ஜோதிக்கு ஒன்றும் புரியவில்லை.

"எடுங்களேன் சார், ஒரு போட்டோதானே? இன்னா ஆயிடப் போவுது?"

"வேணாம்மா" என்றார் புருஷோத்தமன். "லைன் நின்னுடும்."